சூடை மாமியின் நடை

சேசு மரி சூசை துணை

குருநகர்,
17.02.1985

அன்புள்ள தம்பி இரட்ணத்துக்கு அக்கா எழுதுவது,

நானும் என் தையல் மிசினும் சுகம். உன் சுகத்துக்கும் மாதாவை மன்றாடுகிறேன். உன் கடிதமும் பொம்மையின் அளவுத் தாளும் வியாழக்கிழமை வந்தன. தாளைப் பார்த்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். தோள் ஐந்து அங்குலம், கை நாலு அங்குலம், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கால் இல்லாத மனுசிக்கு எதற்கடா நீளச் சட்டை? பிறகுதான் யோசித்தேன், உன் கை உள்ளே போகிற இடத்தை எதனாலாவது மறைக்க வேண்டுமே.

பெரிய கிழமையில் யேசுவின் பாடுகளைக் காட்டுகிற பாஸ்குப் பொம்மைகளுக்கு உடுப்புத் தைக்கிற கை இது. வியாகுல மாதாவுக்கே அங்கி தைத்தவளுக்கு உன் மீன்காரி ஒரு பாரமா? அது கிடக்க, நீ சேவலின் கயிற்றை இழுக்க மறந்த வருடம் நினைவிருக்கிறதா? இராயப்பர் பொம்மை யேசுவைத் தெரியாது என்று மூன்று தரமும் மறுதலித்துவிட்டுக் கையைத் தூக்கியபடி நிற்கிறது, சேவலைக் காணோம். நீ மேடைக்குக் கீழே கச்சான் தின்றுகொண்டிருந்தாய். அந்தக் கள்ளன் இன்றைக்குத் தொலைக்காட்சியில் பொம்மை ஆட்டுகிறான் என்றால் யார் நம்புவார்கள்?

துணி கடையில் வாங்கவில்லை. போன உயிர்த்த ஞாயிறுக்கு நான் எனக்குத் தைத்த பச்சைப் பூச் சட்டையில் மிஞ்சிய துண்டில்தான் உன் மீன்காரிக்கும் தைத்திருக்கிறேன். கழுத்துக்கு உள்தையல் போட்டிருக்கிறேன், நூல் தெரியாது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை வந்த நாளில் இருந்து ஒழுங்கையில் புதுச் சட்டை தைப்பவர்கள் குறைவு. உன் பொம்மைதான் இந்த மாதம் எனக்கு வந்த வடிவான வேலை.

பக்கத்து வீட்டுப் பெர்னடெட் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிவிட்டாள். உன் நிகழ்ச்சி வருகிற அன்று முன் கதிரை எனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அன்பு அக்கா
யசிந்தா

*

கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
24.03.1985

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலம் பத்திரமாக வந்தது. உள்தையலைப் பார்த்துவிட்டு எங்கள் தயாரிப்பாளர், இதைத் தைத்தவர் கொழும்பில் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். ஊரில் என் அக்கா என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

இங்கே வேலை எப்படி என்று சொல்கிறேன். பாஸ்குவில் கயிறு, இங்கே கை. வீடு போலச் செய்த தட்டியின் பின்னால் முழங்காலில் இருந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கை விறைத்துவிடும். எங்கள் பொம்மையை நாங்கள் நேரே பார்க்க முடியாது. நிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள், படம் எடுக்கிற கண்ணுக்குத் தெரிவது அதில் தெரியும். அதைப் பார்த்துத்தான் ஆட்ட வேண்டும். முதல் மாதம் பொம்மையை வலப்பக்கம் திருப்பச் சொன்னால் இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நிகழ்ச்சியின் பெயர் 'எதிர் வீட்டார்'. ஒரு அப்பா, ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு ஆடு. ஞாயிறு பின்னேரம் குடும்பமாக இருந்து பார்க்கிற மாதிரி. என் கையில் இருப்பது அந்த வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற சூடை மாமி. முதல் இரண்டு ஒத்திகையில் மாமிக்கு உயிரே இல்லை. குரல் இருக்கிறது, கதை இருக்கிறது, ஆனால் கையுறை கையுறையாகவே இருந்தது. "இவளை எடுத்துவிடலாமா?" என்றுகூடத் தயாரிப்பாளர் கேட்டுவிட்டார். பிறகு போன கிழமை அவளுக்கு ஒரு நடை அகப்பட்டது. தட்டிக்கு மேலே அவள் நடந்து வந்ததும் விளக்குப் பிடிக்கிறவர்கள்கூடச் சிரித்தார்கள். இனி அவளை யாரும் எடுக்க மாட்டார்கள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து முதல் ஒளிபரப்பு. மறக்காமல் பாருங்கள்.

உங்கள் அன்புத் தம்பி
மரியரட்ணம்

*

குருநகர்,
05.05.1985

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்தோம். பெர்னடெட் வீட்டில் பதினெட்டுப் பேர். யன்னலுக்கு வெளியே எத்தனை பேர் என்று எண்ணவில்லை. கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் நான் செபமாலையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

உன் மாமி தட்டியின் மேலே தலையைக் காட்டினாள். "உந்தச் சட்டை நான் தைச்சது!" என்று கத்திவிட்டேன். பெர்னடெட் என்னை இருக்கச் சொல்லி இழுத்தாள். பிறகு மாமி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள் பார், வீடே அதிர்ந்தது. எல்லாரையும் விட உரக்கச் சிரித்தது நான்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்டை அவள் ஏசுகிற ஏச்சு அப்படியே எங்கள் சந்தைப் பேச்சு. என் தம்பி கெட்டிக்காரன் என்று மூன்று நாளாக ஒழுங்கையெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த கிழமையும் பார்த்தேன். போன ஞாயிறு மூன்றாம் தரம்.

ஒன்று கேட்க வேண்டும். அவள் ஏன் அப்படி நடக்கிறாள்?

அன்பு அக்கா
யசிந்தா

*

கொழும்பு,
19.05.1985

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சிரித்தீர்கள் என்று வாசித்ததும் எனக்கு விருது கிடைத்த மாதிரி. இங்கே தெருவில் பிள்ளைகள் சூடை மாமியின் குரலில் கதைக்கிறார்கள். நிலையத்துக்குக் கடிதங்கள் சாக்கில் வருகின்றன.

நடையைப் பற்றிக் கேட்டீர்கள். அது புறக்கோட்டைச் சந்தையில் நான் கண்ட ஒரு மனுசியின் நடை. கூடை பாரத்தில் ஒரு பக்கம் சரிந்து சரிந்து போவாள். நீங்கள் வேறு ஒன்றும் நினைக்க வேண்டாம். மாமி சரிவது இடது பக்கம். உங்களுக்கு வலது கால் அல்லவா.

மழைக்காலம் வர முதல் கூரைக்கு ஓலை மாற்றுங்கள்.

உங்கள் தம்பி
மரியரட்ணம்

*

குருநகர்,
21.07.1985

தம்பிக்கு,

நான் அவள் ஏன் அப்படி நடக்கிறாள் என்றுதான் கேட்டேன். என் காலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வலது இடது என்று கணக்குச் சொன்னது நீதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், உன் கடிதம் கையில் இருக்கும்போதே குறுகுறுத்தது.

பக்கத்தை மாற்றினால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? பொம்மை எங்களைப் பார்த்து வரும்போது அதன் இடது தோள் என் வலது கைப்பக்கம் வருகிறது. அலுமாரிக் கண்ணாடி முன்னால் நான் நடந்தால் என் தோள் தாழுவதும் அதே பக்கத்தில்தான். நான் என்னை வேறு எங்கே பார்த்திருக்கிறேன்? ஐந்து வயதில் காய்ச்சல் வந்து கால் சூம்பிய நாளில் இருந்து அந்தக் கண்ணாடியில்தான் பார்க்கிறேன். மற்றவர்களுக்கு மறைக்கப் போய் எனக்கு அச்சொட்டாகக் காட்டிவிட்டாய். தோள் தாழ்ந்ததும் கழுத்தை ஒரு வெட்டு வெட்டி நிமிர்த்துவதும் என்னுடையது. அது நான் நடக்கிறபோது யாரும் பார்க்காத மாதிரி முகத்தை வைக்கிற வெட்டு. அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

மூன்றாம் தரம் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் இரண்டு தரமும் என்னைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். அதை நினைக்க நினைக்க என் தோலை உரித்துக்கொள்ளலாம் போல வெட்கமாக இருக்கிறது.

மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. பிள்ளைகள் ஒழுங்கையில் மாமி நடை நடப்பார்கள், பெரியவர்கள் சிரிப்பார்கள், நானும் வாயை இளித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு கிழமைக்கு முதல் நான் தண்ணீர் அள்ளி வரும்போது பெர்னடெட்டின் சின்னவள் சிசிலியா எனக்கு முன்னால் அப்படி நடந்து காட்டினாள். ஆறு வயது. அவளுக்குக் கெட்ட எண்ணமே இல்லை. பெர்னடெட் ஓடி வந்து படார் என்று ஒரு அறை. "யசிந்தாக்கா நிக்கிறா, உனக்குக் கண் தெரியேல்லையோடி?" என்றாள். அந்த அறையோடுதான் எல்லாருக்கும் விளங்கியது. பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

இரண்டு ஞாயிறாகப் பூசையில் நற்கருணை நன்மை எடுக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் இருந்து பீடம் வரை நடக்க வேண்டுமே. கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டு, சனம் எழும்ப முதல் வந்துவிடுகிறேன்.

கால் இல்லாத பொம்மைக்கு என் காலைக் கொடுத்திருக்கிறாய். சட்டையும் என்னுடையது. கேட்டிருந்தால் தந்திருப்பேனோ தெரியாது. நீ கேட்கவில்லை.

யசிந்தா

*

கொழும்பு,
11.08.1985

என் அக்காவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். புறக்கோட்டையில் அப்படி ஒரு மனுசி இல்லை. அது நீங்கள்தான்.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அம்மா போனபின் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது நீங்கள். கையை விட்டால் ஓடிவிடுவேன் என்று இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். நீங்கள் ஒரு அடி வைத்தால் உங்கள் கை தாழும், அதோடு என் தோளும் தாழும். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் ஒருநாள் என்னை நிறுத்தி, "உனக்கும் கால் நோவோ?" என்று கேட்டார். நான் தனியே நடக்கும்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறேன். சூடை மாமிக்கு உயிர் வராமல் இருந்த அன்று, நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகத் தாழ்ந்தது. என் கைக்குத் தெரிந்த நடை அது ஒன்றுதான்.

ஆனால் எல்லாரும் சிரித்தபோது அது யார் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் கையை இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. பக்கத்தை மாற்றினேன். களவு எடுத்தவன் மூட்டையின் நிறத்தை மாற்றுகிற மாதிரி.

வெட்கத்தில் எனக்கு எழுத வரவில்லை. இந்தக் கிழமையில் இருந்து மாமி நிமிர்ந்து நடப்பாள். இது உங்கள் கையில் அடித்துத் தருகிற சத்தியம். நீங்கள் தயவுசெய்து நன்மை எடுக்கப் போங்கள்.

தம்பி
இரட்ணம்

*

குருநகர்,
01.12.1985

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாள் எடுத்துவிட்டது. கோபம் ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம்.

பெர்னடெட் வீட்டுக்கு நான் போகவில்லை. அவளே வந்து சொன்னாள்: "அக்கா, மாமி இப்ப நேராத்தான் நடக்கிறா. ஆனா உப்புச் சப்பில்லாமப் போச்சு." பிறகு நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். மாமி தடியை விழுங்கிய மாதிரி வருகிறாள். பிள்ளைகள் எழும்பி விளையாடப் போய்விட்டார்கள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. பாவம் உனக்கு, நிம்மதி எனக்கு.

போன ஞாயிறு நன்மை எடுத்தேன். பெண்கள் பக்கம் கொஞ்சம் இருமினார்கள், அவ்வளவுதான்.

இத்துடன் மாமிக்கு ஒரு ஊதாச் சட்டை அனுப்புகிறேன். பச்சையைக் கழற்றிவிடு. உனக்கு நத்தார்ப் பண்டிகைக்குப் பயற்றம் பணியாரம் வைத்திருக்கிறேன், யாராவது கொழும்புக்கு வந்தால் கொடுத்து அனுப்புவேன்.

நீ எனக்காகக் கையை அடக்கினாய். நான் வாய்விட்டுக் கேளாமலே எனக்காக ஒருவன் ஒன்றைச் செய்தான் என்று நினைத்து இந்த வருடத்தை முடிக்கிறேன்.

உன் அன்பு அக்கா
யசிந்தா

*

கொழும்பு,
22.09.1991

என் அன்புள்ள அக்காவுக்கு,

செஞ்சிலுவைக் கப்பலில் தபால் போகிறது என்று சொல்கிறார்கள். எப்போது கிடைக்குமோ தெரியாது. நீங்கள் பங்கருக்குள்ளும் வெளியிலுமாக இருப்பீர்கள், நான் இங்கே மின்விசிறிக்குக் கீழே இருந்து என் நெஞ்சைக் கழுவ எழுதுகிறேன். அதுவே ஒரு வெட்கம்.

ஐந்து வருடம் மாமி நேராக நடந்தாள். அவளுக்கு வந்த கடிதங்கள் நின்றன. அரைமணி நேரத்தில் அவளுக்கு மூன்று நிமிடம், பிறகு ஒரு நிமிடம், பிறகு மாதத்துக்கு ஒருதரம். தயாரிப்பாளர் ஏன் என்று கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதுவரை நான் உங்கள் தம்பியாக இருந்தேன்.

போன வருடம், ஊருக்குத் தொலைக்காட்சிப் படம் அனுப்புகிற கொக்காவில் கோபுரம் சண்டையில் விழுந்தது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, படம் இல்லை என்று செய்தி வந்தது. எல்லாரும் என்னிடம் ஊரில் சுகமா என்று விசாரித்தார்கள். அக்கா, அன்று என் மனதில் முதலில் வந்தது உங்கள் சுகம் இல்லை. இனி அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் முதலில் வந்தது. அடுத்த பதிவில் மாமியின் தோளைத் தாழ்த்தினேன். கழுத்தையும் வெட்டினேன். தட்டிக்குப் பின்னால் எல்லாரும் கைதட்டினார்கள். பச்சைச் சட்டை பெட்டியின் அடியில் இருந்தது, அதையும் போட்டுவிட்டேன்.

இந்த ஓகஸ்டில் நிகழ்ச்சிக்கு ஒரு விருது தந்தார்கள். மாமியோடு என்னை மேடைக்குக் கூப்பிட்டு, அந்த நடை யாருடையது என்று ஒலிவாங்கியில் கேட்டார்கள். சந்தையில் கண்ட ஒரு மனுசி என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. யாரோ அந்த மனுசிக்குப் பெயர் என்ன என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

எந்தச் சேவலும் கூவவில்லை. கயிறு என் கையில்தான் இருந்தது, இந்த முறையும் நான் இழுக்கவில்லை.

நான் எழுதாமல் விட்டிருந்தால் நீங்கள் அறியவே போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஏசி ஒரு வரி எழுதுங்கள். ஏச்சாவது வரட்டும்.

இரட்ணம்

*

கொழும்பு,
14.11.1993

அக்கா,

இது ஐந்தாவது கடிதம். வள்ளத்தில் கிளாலிக் கடலைத் தாண்டி வந்த ஒருவர் உங்களைக் கண்டதாகவும், நீங்கள் தைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். உயிரோடு இருந்தும் எழுதவில்லை என்றால் அதுவே மறுமொழிதான். விளங்கிக்கொண்டேன்.

நிகழ்ச்சி போன மாதத்தோடு முடிந்துவிட்டது. மாமி என் அறையில் இருக்கிறாள். நான் இப்போது ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன்.

இரட்ணம்

*

மிருசுவில்,
10.12.1995

தம்பிக்கு,

கொழும்புக்குப் போகிற கோவில் பங்குச் சுவாமி ஒருவர் கடிதம் கொண்டுபோவதாகச் சொன்னார். கொப்பித் தாள் ஒன்றுதான் அகப்பட்டது, அதனால் நுணுக்கி எழுதுகிறேன்.

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதங்கள் ஐந்தில் நாலு கிடைத்தன. விருதைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு மிசின் லாச்சிக்குள் வைத்தேன். நாலுதரம் பதில் எழுதிக் கிழித்தேன். எனக்கு நொந்தது நடை இல்லை. கரண்ட் இல்லாத ஊரில் இருப்பவளுக்கு மானமும் இல்லை என்று நினைத்தாயே, அது. நீ எழுதாமல் விட்டிருந்தால், சொன்ன சொல்லைக் காத்த தம்பி ஒருவன் எனக்கு இருந்திருப்பான். அவனையும் நீயே பறித்துவிட்டாய் என்று நாலு வருடம் கோபமாக இருந்தேன்.

ஒக்ரோபர் முப்பதாம் திகதி பின்னேரம், ஆமி கிட்ட வருகிறது, எல்லாரையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மிசினின் தலையைப் பெர்னடெட்டின் சைக்கிளில் கட்டினோம். பெர்னடெட் சைக்கிளைப் பிடித்தாள். நான் சிசிலியாவிடம், "நீங்கள் கெதியாப் போங்கோ பிள்ளை, நான் ஆறுதலா வாறன்" என்றேன். என்னால் அவர்கள் பிந்துவது எனக்கு வெட்கமாக இருந்தது. அவள், "சும்மா வாங்கோ அக்கா" என்று என் கையைப் பிடித்தாள். பதினாறு வயதுக் குமர். நான் சொன்னேனே, அன்று அறை வாங்கினவள்.

மழை. நாவற்குழிப் பாலம் வரைக்கும் சனம், கால் வைக்க இடம் இல்லை. ஒரு அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். மூட்டை தூக்கினவர்கள், கிழவர்களைச் சுமந்தவர்கள், எல்லாருக்கும் ஒரு தோள் தாழ்ந்துதான் இருந்தது. என் காலைப் பார்க்க அன்று ஒருவருக்கும் கண் இல்லை. இத்தனை வருடத்தில் முதல் தரமாகக் கழுத்தை வெட்டாமல் நடந்தேன்.

விடிந்தபோது பாலத்தைத் தாண்டிவிட்டோம். சிசிலியா என் கையை விடவே இல்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். அவளுடைய தோள் தாழுகிறது. நான் அடி வைக்க என் கை தாழுகிறது, அதோடு அவளும் தாழுகிறாள். பழிக்கவில்லை, பிள்ளைக்குத் தெரியவே இல்லை. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "என்னக்கா, நோகுதோ?" என்று கேட்டாள். நான் அழுததை மழை என்று நினைத்திருப்பாள்.

என் கையைப் பிடித்து நடந்ததால் வந்தது என்று நீ எழுதியதைப் பத்து வருடமாகச் சாட்டு என்றே நினைத்திருந்தேன். அது பொய் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. உன்னை அப்படி நினைத்ததற்கு எனக்கும் வெட்கம்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் மற்றது மற்றதுதான். மேடையில் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கு நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மாமியைப் பெட்டியில் பூட்டி வைக்காதே. உன் அறையில் இருந்து என்ன செய்யப் போகிறாள்? கொழும்பிலும் இப்போது எங்கள் சனம் நிறையப் பிள்ளைகளோடு வந்து லொட்ஜுகளில் அடைபட்டிருக்கிறதாமே. அங்கே கொண்டுபோய் ஆட்டு. எண்பத்துமூன்று கலவரத்தில் அகதி முகாமில் நீ காலுறையைப் பொம்மையாக்கிப் பிள்ளைகளுக்கு ஆட்டினாயே, அந்த மாதிரி. நடையை மாற்றாதே. பக்கத்தை மட்டும் மாற்று, எனக்கு வலது கால்.

பிள்ளைகள் சிரிப்பார்கள். யாராவது ஒன்று, இது யாருடைய நடை என்று கேட்கும். அப்போது பெயரைச் சொல். குருநகர் யசிந்தா, என் அக்கா என்று சொல். சொல்லிவிட்டு எனக்கு ஒரு கடிதம் போடு. அதற்கு முதல் போடாதே.

மிசின் தலை நனைந்து துருப்பிடித்துவிட்டது, எண்ணெய் போட்டுப் பார்க்கிறேன்.

உன் அக்கா
யசிந்தா

*

கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
07.01.1996

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னேன்.

உங்கள் தம்பி
இரட்ணம்